டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் டாக்ஸ்ட்ரிங்: ஸ்ஃபிங்ஸ் பாணியா, கூகுள் பாணியா, நம்பை பாணியா?

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஒரு மாலை என் மேசைப் பக்கம் வந்து, "அண்ணா, இந்த ஃபிக்ஸ்சர் என்ன பண்ணுதுன்னே தெரியல" என்றார். அவர் திரையில் ஒரு டெஸ்ட் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. அந்த டெஸ்டை அவர் எழுதவில்லை. அது வாங்கிக்கொள்ளும் மூன்று ஃபிக்ஸ்சர்களையும், அதாவது டெஸ்டுக்கு வேண்டியதைத் தயார்செய்து கொடுக்கும் ஃபங்ஷன்களையும், அவர் எழுதவில்லை. ஆனாலும் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருந்தார். டெர்மினலில், பைத்தான் நிரலைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்டை 'ஃபிக்ஸ்சர்ஸ்' ஆப்ஷனோடு ஓட்டிப் பார்த்திருந்தார். கிடைக்கும் எல்லா ஃபிக்ஸ்சர்களின் பெயரும், அவை எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்பதும், நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங்கும் அதில் வரிசையாக வரும். டாக்ஸ்ட்ரிங் எழுதாமல் விட்டிருந்தால் 'நோ டாக்ஸ்ட்ரிங் அவைலபிள்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்.

எங்கள் பட்டியலில் அந்தச் சிவப்பு வரிதான் அதிகம். மீதி இருந்ததும் பெருமைப்படும்படி இல்லை. 'ஆர்டர் கிளையன்ட்' என்ற ஃபிக்ஸ்சருக்கு 'ஆர்டர் கிளையன்ட் ஃபிக்ஸ்சர்' என்று விளக்கம். இன்னொன்று, எப்போதோ நீக்கிவிட்ட ஆர்கியூமென்டை (ஃபங்ஷன் வாங்கும் உள்ளீட்டை) இன்னும் விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தது. ஒரே கோப்பில் மூன்று பாணிகள் வேறு. யார் எந்த வேலையிலிருந்து வந்தார்களோ, அங்கே பழகிய பாணியை இங்கேயும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வாரமே சுத்தம் செய்வது என்று முடிவானது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பாணியில் என்று கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அப்போது நாங்கள் எடைபோட்ட வழிகளையும், எதை ஏன் எடுத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது பைடெஸ்டின் மேல் கட்டிய உள்வீட்டுச் சட்டகம்: சில பிளகின்கள், நூற்றுக்கு மேல் ஃபிக்ஸ்சர்கள், ஏராளமான உதவி ஃபங்ஷன்கள். உங்களிடம் இருப்பது வேறு மாதிரி என்றால் முடிவும் வேறாகலாம். அது எங்கே மாறும் என்றும் சொல்கிறேன்.

படிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

விவாதத்தை நாங்கள் தப்பான இடத்தில் தொடங்கினோம். எது பார்க்க அழகு, எதைப் பெரிய திட்டங்கள் பயன்படுத்துகின்றன என்று ஒரு மணி நேரம் போனது. பெரிய திட்டங்களைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் எல்லாப் பாணிக்கும் ஆள் இருக்கிறது. பாண்டாஸ், சைபை, சைகிட் லேர்ன் ஆகிய லைப்ரரிகள் நம்பை பாணி. டென்சர்ஃப்ளோ கூகுள் பாணி. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் பைடெஸ்டின் சொந்த மூல நிரலும் ஸ்ஃபிங்ஸ் பாணி. பைத்தானின் அதிகாரபூர்வ வழிகாட்டியான பெப் 257 இதில் எந்தப் பக்கமும் சாயவில்லை. 2001-இல் எழுதப்பட்ட அந்த ஆவணம், முதல் வரியில் சுருக்கம், பிறகு ஒரு வெற்று வரி, அதன் பிறகு விவரம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆர்கியூமென்டுகளை எந்த வடிவில் எழுதுவது என்று அது சொல்வதில்லை.

கடைசியில் எங்கள் குழுவில் ஒருவர், "சரி, இதை யாரு எங்க உக்காந்து படிக்கப் போறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சு உருப்பட்டது.

டாக்ஸ்ட்ரிங்கை மூன்று இடங்களில் படிக்கிறோம். ஸ்ஃபிங்ஸ் போன்ற கருவி உருவாக்கும் இணையப் பக்கம் ஒன்று. எடிட்டரில் பெயரின் மேல் மவுஸை வைத்தால் எழும் சின்னப் பெட்டி இன்னொன்று. மூன்றாவது டெர்மினல். சாதாரண லைப்ரரிக்கு முதல் இரண்டும் போதும். டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் டெர்மினலின் எடை கூடிவிடுகிறது. ஃபிக்ஸ்சரை யாரும் இம்போர்ட் செய்வதில்லை என்பதுதான் காரணம். ஆர்கியூமென்டாகப் பெயரை எழுதினால் போதும், பைடெஸ்டே தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடும். எழுதும்போது வசதிதான். படிக்கும்போது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று டெஸ்ட் கோப்பில் ஒரு தடயமும் இருக்காது. அதனால்தான் ஃபிக்ஸ்சர்ஸ் ஆப்ஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டும் எந்தெந்த ஃபிக்ஸ்சரைப் பயன்படுத்துகிறது என்று காட்ட இன்னொரு ஆப்ஷனும் இருக்கிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஃபிக்ஸ்சர்ஸ் ஆப்ஷன் தானாகக் காட்டுவது டாக்ஸ்ட்ரிங்கின் முதல் பத்தியை மட்டுமே. முதல் வெற்று வரியோடு வெட்டிவிடும். முழுவதும் வேண்டுமென்றால் வெர்போஸ் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். ஆக, அவசரத்தில் இருக்கும் ஆள் கண்ணில் படுவது அந்த ஒரு பத்திதான், அதுவும் எழுதியது எழுதியபடியே. ஸ்ஃபிங்ஸ் வந்து அலங்கரித்துத் தராது.

மூன்று பாணிகளும் அருகருகே

வடிவம் தெரிவதற்காக ஒரே உதவி ஃபங்ஷனின் விளக்கத்தை மூன்று விதமாகவும் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். சோதனைக்குப் பொய் ஆர்டர்களை உருவாக்கித் தரும் ஃபங்ஷன் அது.

ஸ்ஃபிங்ஸ் பாணி:

சோதனைக்கான ஆர்டர்களை உருவாக்கு.

:பாரம் எண்ணிக்கை: எத்தனை ஆர்டர் வேண்டும்.
:டைப் எண்ணிக்கை: முழு எண்
:பாரம் நிலை: ஆர்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும்.
:டைப் நிலை: சரம்
:ரிட்டர்ன்ஸ்: ஆர்டர்களின் பட்டியல்.

கூகுள் பாணி:

சோதனைக்கான ஆர்டர்களை உருவாக்கும்.

ஆர்க்ஸ்:
    எண்ணிக்கை: எத்தனை ஆர்டர் வேண்டும்.
    நிலை: ஆர்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும்.

ரிட்டர்ன்ஸ்:
    ஆர்டர்களின் பட்டியல்.

நம்பை பாணி:

சோதனைக்கான ஆர்டர்களை உருவாக்கு.

பாராமீட்டர்ஸ்
----------
எண்ணிக்கை : முழு எண்
    எத்தனை ஆர்டர் வேண்டும்.
நிலை : சரம்
    ஆர்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும்.

ரிட்டர்ன்ஸ்
-------
பட்டியல்
    உருவாக்கிய ஆர்டர்கள்.

ஸ்ஃபிங்ஸ் பாணிக்கு வயது அதிகம். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறியீட்டு முறையையே டாக்ஸ்ட்ரிங்கில் பயன்படுத்தலாம் என்று 2002-இல் பெப் 287 முன்மொழிந்தது. 2008-இல் ஸ்ஃபிங்ஸ் வந்த பிறகு அது வேரூன்றியது. இதன் உண்மையான பலம் குறுக்கிணைப்பு. ஒரு வகுப்பின் பெயரைக் குறியோடு எழுதினால் இணையப் பக்கத்தில் அது அந்த வகுப்பின் பக்கத்துக்கே இணைப்பாகிவிடும். ஸ்ஃபிங்ஸை 'நிட்பிக்கி' ஆப்ஷனோடு ஓட்டினால் உடைந்த இணைப்புகளை எச்சரிக்கும், இன்னொரு ஆப்ஷன் அந்த எச்சரிக்கைகளைப் பிழையாகவே மாற்றிவிடும். பைடெஸ்ட் இந்தப் பாணியை வைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. அதன் ஹூக்குகளை (பிளகின்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை) உலகம் முழுக்க பிளகின் எழுதுபவர்கள் இணையத்தில்தான் படிக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்தே உருவாகின்றன.

ஆனால் அதே பைடெஸ்டில் ஃபிக்ஸ்சர்ஸ் ஆப்ஷனை ஓட்டிப் பாருங்கள். தற்காலிக டைரக்டரி தரும் ஃபிக்ஸ்சரின் விளக்கத்தில், கோலனுக்கு நடுவே 'கிளாஸ்' என்ற சொல்லும் பேக்டிக் குறிகளும் அப்படியே வந்து விழும். வெர்போஸ் சேர்த்தால் கோட் பிளாக் கட்டளை வரிகளும் அப்படியே வரும். இணையத்துக்காகச் சமைத்ததை டெர்மினலில் பரிமாறினால் இப்படித்தான் இருக்கும். பைடெஸ்டுக்கு அது தாங்கும், ஏனென்றால் அதன் வாசகர்கள் பெரும்பாலும் இணையத்தில் இருக்கிறார்கள். எங்கள் உள்வீட்டுச் சட்டகத்துக்கு இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அதைக் கடைசியாக யார் திறந்தார்கள் என்று கேட்டபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் அந்தப் 'பாரம்'. பாராமீட்டர் என்பதன் சுருக்கம்தான். எங்கள் குழுவில் சிலர் அதைப் பேரம் என்பார்கள், சிலர் பாரம் என்பார்கள். ஒவ்வொரு ஆர்கியூமென்டுக்கும் அந்தச் சொல்லை ஒரு முறையும், டைப் என்பதை இன்னொரு முறையும் கோலனுக்குள் எழுதவேண்டியிருப்பதைப் பார்த்தால் பாரம் என்பதே சரி என்று எனக்குத் தோன்றும்.

நம்பை பாணி விரிந்து பரந்து உட்காரும். ஒரு ஃபங்ஷனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆர்கியூமென்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம், கூடவே சூத்திரம், எடுத்துக்காட்டு என்று இருந்தால் இதுபோல் படிக்க வசதியான வடிவம் வேறில்லை. அறிவியல் கணக்கீட்டு லைப்ரரிகள் இதில் நிற்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் ஃபங்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று ஆர்கியூமென்டு. நாலு வரி ஃபங்ஷனுக்குப் பதினைந்து வரி டாக்ஸ்ட்ரிங் எழுதினால், திரையில் நிரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதற்காக வாதாடியவர் முன்பு தரவு அறிவியல் குழுவில் இருந்தவர். அங்கே அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

அதில் இன்னொரு உறுத்தல், டைப். 2015-இல் பைத்தான் 3.5 டைப் ஹின்டுகளுக்கு முறையான வழி போட்டுக் கொடுக்கும் வரை, ஓர் ஆர்கியூமென்ட் எண்ணா சரமா என்று சொல்ல டாக்ஸ்ட்ரிங்தான் வழக்கமான இடம். இப்போது ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அது இருக்கிறது, டைப் செக்கர் அதைச் சரிபார்க்கவும் செய்கிறது. டாக்ஸ்ட்ரிங்கில் இருப்பதை அது பார்ப்பதில்லை. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று கெட்டுப்போகும். கெட்டுப்போவது எப்போதும் யாரும் சரிபார்க்காத இடம்தான். ஸ்ஃபிங்ஸ் பாணியில் டைப் வரிகளை விட்டுவிடலாம், கூகுள் பாணியிலும் விடலாம். நம்பை பாணியில் பெயருக்குப் பக்கத்திலேயே டைப் உட்கார்ந்திருப்பதால், அதை எடுத்தால் வரி பாதியில் அறுந்ததுபோல் தெரிகிறது.

கூகுள் பாணி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் எளிது. குறி எதுவும் இல்லாமல் அப்படியே படித்தாலும் அது வாக்கியமாகவே இருக்கிறது. டெர்மினலில் அசிங்கமாக இல்லை. இணையப் பக்கம் வேண்டுமென்றாலும் தடை இல்லை. நெப்போலியன் என்ற எக்ஸ்டென்ஷன் 2015-இல் ஸ்ஃபிங்ஸ் 1.3-உடனேயே சேர்ந்துவிட்டது. கூகுள், நம்பை இரண்டையும் உள்ளே ஸ்ஃபிங்ஸுக்குப் புரியும் வடிவுக்கு அது மாற்றிக் கொடுத்துவிடும்.

அதன் பலவீனம் உள்தள்ளல். ஒரு விளக்கம் இரண்டாவது வரிக்கு ஓடும்போது தள்ளி எழுத மறந்தால், நெப்போலியன் அந்த வரியைப் புதிய ஆர்கியூமென்டாக எடுத்துக்கொள்ளும். எங்கள் சோதனை ஓட்டத்தில் 'இல்லாவிட்டால்' என்ற பெயரில் ஓர் ஆர்கியூமென்ட் முளைத்தது. சிரித்துவிட்டுத் திருத்தினோம்.

கருவிகள் எந்தப் பக்கம் என்பதும் கணக்கில் வந்தது. டாக்ஸ்ட்ரிங்கைச் சரிபார்க்க முன்பு பைடாக்ஸ்டைல் என்ற கருவி இருந்தது. 2023-இல் அதைப் பராமரித்தவர்களே கைவிட்டு, ரஃப் என்ற கருவியின் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். அதே விதிகள் டி என்ற எழுத்தில் தொடங்கி ரஃபில் இருக்கின்றன. ரஃபின் அமைப்பில் 'கன்வென்ஷன்' என்று சொல்லித் தேர்ந்தெடுக்கக் கிடைப்பவை மூன்று: பெப் 257, கூகுள், நம்பை. ஸ்ஃபிங்ஸ் பாணிக்குத் தனியாக ஒன்று இல்லை. கூகுளைத் தேர்ந்தால், ஆர்க்ஸ் பகுதியில் எந்த ஆர்கியூமென்டாவது விடுபட்டிருக்கிறதா என்று டி417 என்ற விதி பார்க்கும். ஆனால் நீக்கிய பிறகும் டாக்ஸ்ட்ரிங்கில் பேயாகத் தங்கியிருக்கும் ஆர்கியூமென்டை அந்த விதி கண்டுகொள்ளாது. அதற்கு பைடாக்லின்ட் என்ற இன்னொரு கருவி உதவும். அது மூன்று பாணிகளையும் புரிந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் கருவி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஸ்ஃபிங்ஸ் பாணியைத் தள்ள முடியாது.

கன்வென்ஷனைத் தேர்ந்தெடுக்காமல் டி விதிகள் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். சுருக்க வரி மேற்கோள் குறிக்குப் பக்கத்திலேயே தொடங்க வேண்டும் என்று ஒரு விதி, அடுத்த வரியில் தொடங்க வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டும் அங்கே இருக்கின்றன.

ஃபிக்ஸ்சருக்கு இந்தச் சண்டையே தேவையில்லை

இவ்வளவு பேசி முடித்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. பாணிச் சண்டை முழுக்க ஆர்கியூமென்டுகளை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியது. ஃபிக்ஸ்சரின் ஆர்கியூமென்டுகள் என்ன? வேறு ஃபிக்ஸ்சர்கள். டெஸ்ட் எழுதுபவர் அவற்றைக் கொடுப்பதில்லை, பைடெஸ்ட் கொடுக்கிறது. அவற்றை விளக்குவது, ஹோட்டலில் சாப்பிட வந்தவரிடம் எந்த அடுப்பில் சமைத்தோம் என்று சொல்வது மாதிரி. ஆக ஃபிக்ஸ்சருக்கு ஆர்க்ஸ் பகுதியே வேண்டாம் என்று வைத்தோம். எங்கள் நிரலில் பெரும்பங்கு ஃபிக்ஸ்சர்தான் என்பதால் விவாதத்தில் பாதி அங்கேயே கரைந்துபோனது.

அப்படியானால் ஃபிக்ஸ்சரின் டாக்ஸ்ட்ரிங்கில் என்ன எழுதுவது? கையில் என்ன கிடைக்கும் என்பது முதலாவது. 'தரவுத்தள இணைப்பு' என்றால் போதாது. அதில் அட்டவணைகள் இருக்குமா, தரவு இருக்குமா, காலியாகவா என்று சொல்ல வேண்டும். அடுத்தது, டெஸ்ட் முடிந்ததும் என்ன அழியும் என்பது. ஃபிக்ஸ்சர் பொருளைக் கொடுக்கும் ஈல்டு வரிக்குப் பிறகு வரும் வரிகள் எதைத் துடைக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று தெரியாமல்தான் பாதி நாள் வீணாகிறது. கடைசியாக, ஆயுள். செஷன் முழுக்க, அதாவது ஒரு ஓட்டம் முழுக்க, வாழும் ஃபிக்ஸ்சர் என்றால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பைடெஸ்டே 'செஷன் ஸ்கோப்' என்று போட்டுவிடும், அதைத் திரும்ப எழுத வேண்டாம். அதன் விளைவை எழுத வேண்டும்: 'இதை எல்லா டெஸ்டுகளும் பகிர்கின்றன, இதில் எதையும் மாற்றாதே.' முன்பு இந்த ஒரு வரி இல்லாமல், தனியாக ஓட்டினால் பச்சையாகவும் சேர்த்து ஓட்டினால் சிவப்பாகவும் வந்த ஒரு டெஸ்டோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இவ்வளவையும் முதல் பத்திக்குள் அடக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாக்கியம். குறியீடு வேண்டாம், பேக்டிக்கும் முடிந்தவரை வேண்டாம். மீதி சரித்திரம் எல்லாம் வெற்று வரிக்குக் கீழே போகட்டும்.

கட்டளையாக எழுதுவதா விவரிப்பதா என்று ஒரு கிளைச்சண்டையும் நடந்தது. பெப் 257 கட்டளையாக எழுதச் சொல்கிறது. 'தருகிறது' என்று எழுதாதே, 'தா' என்று எழுது. கூகுளின் வழிகாட்டி இரண்டையும் அனுமதித்து, ஒரே கோப்பில் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்கிறது. ரஃபும் கூகுள் கன்வென்ஷனில் அந்த விதியை அணைத்துவிடுகிறது. ஃபிக்ஸ்சர் விஷயத்தில் எனக்குக் கட்டளை ஒட்டவில்லை. டெஸ்ட் எழுதுபவர் பார்வையில் ஃபிக்ஸ்சர் ஒரு பொருள். 'காலியான தரவுத்தளம், அட்டவணைகள் மட்டும் இருக்கும்' என்று பெயர்ச்சொல்லில் தொடங்குவது இயல்பாக இருக்கிறது. அப்படியே விட்டோம்.

டெஸ்டுக்கே டாக்ஸ்ட்ரிங் வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் வழியில் எழுதிப் பழகியவர்கள் டெஸ்டுக்கு டாக்ஸ்ட்ரிங் எழுதுவார்கள். அங்கே வெர்போஸாக ஓட்டினால் டெஸ்டின் பெயரோடு டாக்ஸ்ட்ரிங்கின் முதல் வரியும் முடிவில் தெரியும். மேலாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அது வாக்கியமாகப் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நோஸ் என்ற பழைய கருவி பெயரை விட்டுவிட்டு டாக்ஸ்ட்ரிங்கை மட்டும் காட்டும். விழுந்த டெஸ்டைத் தேட 'பயனர் உள்நுழைவு வேலை செய்ய வேண்டும்' என்ற வாக்கியத்தை, நிரல் முழுவதும் இருக்கும் ரெப்போ முழுக்கத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அந்தப் பயத்தால் டாக்ஸ்ட்ரிங்குக்குப் பதில் கமென்டாக எழுதும் பழக்கம் சில குழுக்களில் வந்தது. நோஸ் காலம் முடிந்துவிட்டது. பைடெஸ்ட் 8 வந்தபோது நோஸுக்கான ஆதரவையும் எடுத்துவிட்டார்கள்.

பைடெஸ்டில் டெஸ்டின் டாக்ஸ்ட்ரிங் சாதாரண முடிவில் எங்கும் தெரியாது, பெயர்தான் தெரியும். அப்படியென்றால் உழைப்பைப் பெயரில் போடுவதே நல்லது. 'டெஸ்ட் ஆர்டர் 2' என்பதை 'ரத்தான ஆர்டருக்குப் பணம் திரும்பும்' என்ற பொருளில் மாற்றினால் டாக்ஸ்ட்ரிங் தேவைப்படாது. விதிவிலக்கு ஒன்று: பெயரில் அடங்காத காரணம். நேர மண்டலம் மாறும்போது மட்டும் வரும் பிழைக்காக எழுதிய டெஸ்ட் என்றால், அந்தக் கதையை இரண்டு வரி எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

லின்டரை, அதாவது ரஃப் போன்ற சரிபார்க்கும் கருவியை, டெஸ்ட் டைரக்டரியிலும் அவிழ்த்துவிட்டால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் டாக்ஸ்ட்ரிங் எங்கே என்று கேட்கும். ஆட்களும் பெயரையே வாக்கியமாக்கி எழுதிவிட்டு நகர்வார்கள். 'ஆர்டர் கிளையன்ட் ஃபிக்ஸ்சர்' பிறந்த கதையும் அதுதான். அதனால் டெஸ்ட் கோப்புகளுக்கு 'டாக்ஸ்ட்ரிங் இல்லை' வகை விதிகளை அணைத்துவிட்டு, ஃபிக்ஸ்சரும் உதவி ஃபங்ஷனும் இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் வைத்தோம்.

டாக்டெஸ்ட் பற்றியும் பேச்சு வந்தது. டாக்ஸ்ட்ரிங்கில் எழுதிய எடுத்துக்காட்டையே ஓட்டிச் சரிபார்க்கும் இந்த வசதி 2001-இல் வந்த பைத்தான் 2.1-இலிருந்து கூடவே வருகிறது. பைடெஸ்டாலும் அதை ஓட்ட முடியும். விளக்கம் பொய்யாகிப் போனால் சிவப்பு விழும் என்பது பெரிய ஈர்ப்பு. சரத்தை வெட்டுவது, தேதியை மாற்றுவது போன்ற தனித்த சின்ன ஃபங்ஷன்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஃபிக்ஸ்சர் கலந்த எதற்கும் இது சரிப்படாது. டாக்டெஸ்டுக்குள் ஃபிக்ஸ்சரை வரவழைக்க பைடெஸ்ட் ஒரு வழி வைத்திருக்கிறது, அதன்பின் எடுத்துக்காட்டில் முக்கால்வாசி ஏற்பாட்டு வரிகளாகிவிடும். நாலைந்து ஃபங்ஷன்களோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா

பாணி முடிவான பிறகும் எப்படிச் செய்வது என்பதில் இரண்டு வழி இருந்தது. ஒரு வாரம் ஒதுக்கி எல்லாவற்றையும் மாற்றுவது ஒன்று. தொடும் கோப்பை மட்டும் தொடும்போது சரிசெய்வது மற்றது.

ஒரே மூச்சில் செய்தால் ரெப்போ ஒரே நிறமாகிவிடும், நாளைக்கு வருபவருக்குக் குழப்பம் இருக்காது. ஆனால் அந்த புல் ரிக்வெஸ்டை யார் ரிவ்யூ செய்வது? ஆயிரக்கணக்கான வரிகள் மாறிய கோப்பைப் பார்த்து 'எல்ஜிடிஎம்' (பார்த்தேன், சரி) போடுவதைத் தவிர மனிதனால் என்ன செய்ய முடியும்? அதைவிட மோசம், எல்லாவற்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதினால், தனக்குத் தெரியாத ஃபிக்ஸ்சருக்கும் எதையாவது எழுதுவார். தப்பான டாக்ஸ்ட்ரிங்கைவிடச் சிவப்பு வரி மேல். தெரியவில்லை என்றாவது அது ஒத்துக்கொள்கிறது. நிரலைப் படித்து விளக்கம் எழுதித் தரும் ஏஐ கருவிகளிடம் கொடுத்துப் பார்த்ததிலும் இதே சிக்கல்தான். நிரல் என்ன செய்கிறது என்று அழகாக எழுதியது. ஏன் அப்படிச் செய்கிறது என்பது நிரலில் இல்லாததால் அங்கே ஊகித்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதில் வேறு கஷ்டம். வருஷக்கணக்கில் இரண்டு பாணி கலந்தே கிடக்கும். யாரும் தொடாத கோப்பு அப்படியே இருக்கும். யாரும் தொடாத கோப்புக்குத்தானே விளக்கம் அதிகம் தேவை?

வேலையை இரண்டாகப் பிரித்ததும் வழி தெரிந்தது. வடிவ மாற்றம் தனி, பொருள் மாற்றம் தனி. வெற்று வரி, உள்தள்ளல், மேற்கோள் குறி, பழைய பாணியிலிருந்து புதிய பாணிக்கு மாற்றுவது ஆகியவை கருவிக்கான வேலை. ரஃப் சிலவற்றைத் தானே திருத்தும். பாணி மாற்ற பைமென்ட் போன்ற கருவி உதவும், கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் போட்டோம். அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் பிளேமைப் பார்க்கும்போது அதைத் தாண்டிப் போகும்படி கிட்டுக்குச் சொல்லிவிட்டோம். 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து இந்த வசதி உண்டு. இல்லையென்றால் ரெப்போவின் எல்லா வரிக்கும் அன்று சுத்தம் செய்தவர் பெயர்தான் நிற்கும், அடுத்த ஒரு வருஷம் எல்லாக் கேள்வியும் அவருக்கே வரும்.

பொருளை எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே வைத்தோம். ஃபிக்ஸ்சர்ஸ் பட்டியலில் சிவப்பாக இருந்தவற்றை, அதிக டெஸ்டுகள் பயன்படுத்தும் ஃபிக்ஸ்சர் மேலே வரும்படி வரிசைப்படுத்தி, அதை எழுதியவருக்கோ கடைசியாக மாற்றியவருக்கோ வாரம் மூன்று என்று பிரித்துக் கொடுத்தோம்.

பைத்தானில் இருப்பவர்கள் இப்படித் துணிந்து சுத்தம் செய்யலாம். பிஎச்பியில், அதன் டெஸ்ட் கருவியான பிஎச்பியூனிட்டின் பழைய பதிப்பில் இருந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அங்கே டாக்பிளாக் என்பது வெறும் விளக்கம் அல்ல. எது டெஸ்ட், தரவு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அந்தக் கமென்டுக்குள் குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். குப்பை என்று நினைத்து அழித்தால் டெஸ்டே ஓடாமல் போகலாம், ஓடாத டெஸ்ட் சிவப்பாகவும் வராது. 2023-இல் வந்த பிஎச்பியூனிட் 10 அந்தக் குறிப்புகளுக்கு மாற்றாக, நிரலின் பகுதியாகவே எழுதும் ஆட்ரிப்யூட்டுகளைக் கொண்டுவந்தது, 12-ஆம் பதிப்பில் கமென்ட் வழி எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே முதல் வேலை ஆட்ரிப்யூட்டுக்கு மாறுவது, டாக்பிளாக்கில் கை வைப்பது அதற்குப் பிறகு.

இப்போதைக்கு எங்கள் பட்டியலில் சிவப்பு வரி மிகக் குறைவு. உதவி ஃபங்ஷன்களுக்குக் கூகுள் பாணி, டைப் கிடையாது. ஃபிக்ஸ்சர்களுக்கு முதல் பத்தி மட்டும் கட்டாயம். நாளைக்கே இந்தச் சட்டகத்தை வெளியே மற்றவர்களுக்குத் திறந்துவிட்டால், ஹூக்குகளின் பக்கத்தை மட்டும் ஸ்ஃபிங்ஸ் குறியீட்டோடு எழுதும்படி நானே சொல்வேன். அன்று வாசகர் டெர்மினலில் இருக்க மாட்டார்.

கடைசிவரை இழுத்தடித்த ஃபிக்ஸ்சர் ஒன்று உண்டு. யாரும் கேட்காமலே எல்லா டெஸ்டுக்கும் முன்னால் தானாக ஓடி, இரண்டு வினாடி சும்மா காத்திருந்துவிட்டுப் போகும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த வாரம் அது என் பங்குக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன், வைத்துப் பார்த்தேன், பழைய கமிட்டுகளைத் தோண்டினேன். இப்போது ஃபிக்ஸ்சர்ஸ் ஆப்ஷனை ஓட்டினால் அதன் கீழே இப்படி வரும்: 'இரண்டு வினாடி காத்திருக்கும். ஏன் என்று தெரியவில்லை. எடுத்தால் பில்லிங் டெஸ்டுகள் எப்போதாவது விழுகின்றன.'